ஒச்சப்பன் முறை

செங்களப்பட்டி சப்ஸ்டேஷனுக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் பவித்ரா வாங்கிய டீ ஆடை கட்டிப்போயிருந்தது. தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சாலைக்கு அந்தப் பக்கம் கம்பி வேலிக்குள் நின்ற டிரான்ஸ்பார்மரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பது மணிக்கு அங்கே ஒரு சுவிட்சைப் போடுவார்கள். போட்டதும், தோட்டங்களுக்கென்று புதிதாக இழுத்த லைனில் முதல் தடவையாகக் காலை வெயிலிலேயே மின்சாரம் ஓடும். அதற்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது.

இத்தனை வருஷமாக இந்தப் பக்கத்துத் தோட்டங்களுக்கு மோட்டார் ஓட்டுகிற மும்முனை மின்சாரம் மத்தியானம் இரண்டு மணிக்குத்தான் வரும். சாயங்காலம் நின்றுவிட்டு, ஊர் அடங்கிய பிறகு மறுபடி வரும். மல்லிகைக்கும் தக்காளிக்கும் அரைத் தூக்கத்தில் போய் மடை மாற்றி, பாம்புக்கடி பட்டவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. இப்போது காலம் மாறிவிட்டது. வெயில் ஏற ஏறச் சூரியத் தகடுகளிலிருந்து மின்சாரம் கொட்டுகிறது. அதை அந்த நேரத்திலேயே செலவழித்தாக வேண்டும். பகலில் அதை வீணாக்கிவிட்டு, இருட்டில் தோட்டத்துக்குக் கொடுப்பதற்காக நிலக்கரியை எரிப்பானேன் என்று மேலே இருப்பவர்கள் கணக்குப் போட்டார்கள். வீடுகளுக்கு ஒரு லைன், பம்புசெட்டுக்கு ஒரு லைன் என்று பிரித்தார்கள். புதுக் கம்பங்கள் நட்டார்கள். இன்றைக்குத்தான் முதல் நாள்.

நேரம் மாறப்போகிறது என்று ஒவ்வொரு கிணறாகப் போய்ச் சொல்லும் வேலை பவித்ராவுக்கு. அவளை ஒப்பந்தக் கம்பெனி ஒன்று தற்காலிகமாக எடுத்திருந்தது. டிப்ளமா முடித்தவள். திண்டுக்கல்லில் மாலை வகுப்புக்குப் போய்ப் பட்டப்படிப்புக்குப் படித்துக்கொண்டிருந்தாள். கதவைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற சுபாவம். அதனாலேயே இந்த வேலைக்கு ஏற்றவள் என்று கம்பெனியில் நினைத்தார்கள். அதனாலேயே தனக்கு இது ஆகாது என்று அவள் நினைத்தாள்.

ஏனென்றால் இது வெறும் நேரம் சொல்லும் வேலை இல்லை. இந்தப் பக்கம் யாரும் மோட்டாரைக் கையால் போடுவதில்லை, அணைப்பதும் இல்லை. 'ஆட்டோ' என்று ஒரு பெட்டி எல்லா ஷெட்டிலும் இருக்கும். கரண்ட் வந்தால் மோட்டார் தானாக ஓடும், போனால் தானாக நிற்கும். பழகிப் பழகிக் கடைசியில் கடிகாரமே மெயின் சுவிட்ச் ஆகிவிட்டது. மோட்டாரில் கோளாறு என்றால் காலை நேரத்தில் கிணற்றுக்குள் இறங்குவார்கள். ஒயரைப் பிரித்து வெறும் கம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு ஒட்டுப் போடுவார்கள். மேலே எதையும் அணைத்துவிட்டு இறங்குகிற பழக்கம் கிடையாது. 'கரண்டுதேன் ரெண்டு மணிக்கு வரும்ல' என்பார்கள்.

ஒன்பது மணி என்பது தெரியாத ஒரே ஒரு ஆள் கிணற்றுக்குள் இருந்தால் போதும். பவித்ராவுக்குச் சில நாட்களாகச் சோறு இறங்காததற்கு அதுதான் காரணம்.

ஆனால் ஒழுங்காகத்தான் செய்திருந்தாள். லைன் போகிற வழியிலேயே நடந்து, ஒரு கிணறு விடாமல் பார்த்து, உரியவரிடம் சொல்லி, புது நேரம் அச்சடித்த மஞ்சள் ஸ்டிக்கரை ஆட்டோ பெட்டியில் தானே ஒட்டினாள். "ஆட்டோவ அணைச்சு வையுங்க, கரண்ட் வந்ததுக்கப்புறம் கையால போடுங்க" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னாள். ஷெட் பூட்டியிருந்த இடங்களில் ஸ்டிக்கரைக் கையில் கொடுத்துவிட்டு வந்தாள். நேற்றுச் சாயங்காலம் எல்லாக் கிணற்றுக்கும் சொல்லியாகிவிட்டது என்று உதவிப் பொறியாளர் இளஞ்செழியனிடம் தெரிவித்தும் விட்டாள்.

டீக்கடை வாசலில் ஒரு டிவிஎஸ் வந்து நின்றது. அதன் முன்புறத்தில், விளக்குக்குக் கீழே, மஞ்சளாக ஒன்று பளிச்சென்று தெரிந்தது. அவளுடைய ஸ்டிக்கர்.

வண்டியிலிருந்து இறங்கியவரை அவளுக்கு அடையாளம் தெரிந்தது. மாயாண்டி. புளியமரத்துக் கிணற்றுக்காரர். ஷெட் சாவியை வீட்டில் வைத்துவிட்டதாகச் சொன்னவர்.

"என்னண்ணே, பெட்டியில ஒட்டச் சொல்லிக் குடுத்தா வண்டியில ஒட்டியிருக்கீங்க?"

"வா தாயி. நல்லாத்தான இருக்கு? நான் போற எடமெல்லாம் நேரந் தெரியும்ல." மாயாண்டி பெஞ்சில் உட்கார்ந்தார். "ஏப்பா, ஒரு டீ போடு. இந்தப் புள்ளைக்கும் வேற போடு, அதக் கீழ ஊத்து. ஆமா, சூரியன் இருந்தாத்தேன் கரண்டாம்ல? அப்ப அமாவாசைக்கு என்ன செய்வீக?"

"அமாவாசைக்கு நிலாத்தான்யா வராது" என்றார் கடைக்காரர்.

"அட ஆமால்ல!"

பவித்ராவுக்குச் சிரிப்பு வரவில்லை. "ஷெட்டுல ஏன் ஒட்டல?"

"அங்க ஒட்டுனா கிழிச்சுப் போட்டுருவான்."

"யாரு?"

"அவன்தேன். ஒச்சப்பன். பங்காளி." மாயாண்டி தரையில் துப்பினார். "பங்குக் கெணறு தாயி அது. ஒரு நா எனக்கு, ஒரு நா அவனுக்கு. இன்னைக்கு அவன் முறை."

பவித்ரா தம்ளரைப் பெஞ்சில் வைத்தாள். புளியமரத்துக் கிணற்றுக்குப் போனபோது அங்கே இருந்தவர் மாயாண்டி. மின் இணைப்பும் மாயாண்டி பெயரில்தான். ஒரு கிணறு, ஒரு பெயர். அதோடு அந்தக் கிணறு முடிந்தது என்று அடுத்ததற்கு நடந்துவிட்டாள்.

"நேரம் மாறுனத அவருகிட்டச் சொன்னீங்களா?"

"நானா?" மாயாண்டி அவளை ஏதோ கேட்கக்கூடாததைக் கேட்டவளைப் போலப் பார்த்தார். "அவன் மகளுக்குக் காதுகுத்து வச்சான். பத்திரிக்கையில அம்புட்டுப் பேரு போட்டான். மதுரையில சோப்பு விக்கிறவன் பேரு கூட இருந்துச்சு. எம்பேரு இல்ல. அன்னையில இருந்து மொகத்துல முழிக்கிறதில்ல."

"அண்ணே, அவரு கெணத்துக்குள்ள இருந்தா..."

"அட, பதறாத. நான் என்ன அம்புட்டுக் கெட்டவனா? பேசாமத்தான இருக்கேன், சாகட்டும்னா இருக்கேன்?" அவர் சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார். பை கனத்துத் தொங்கியது. "நேத்து என் முறை முடிஞ்சு வாரப்பவே பியூஸ் கட்டை மூணையும் புடுங்கிட்டு வந்துட்டேன். கரண்டு வந்தாலும் மோட்டருக்குப் போகாது. வேணும்னா வீட்டுக்கு வந்து கேக்கட்டும், குடுக்கிறேன். வாயத் தொறந்து கேக்கணும், அம்புட்டுதேன்."

ஒரு கணம் பவித்ராவுக்கு மூச்சு வந்தது. பியூஸ் இல்லையென்றால் ஆபத்து இல்லை. கடைக்காரர் கொடுத்த புது டீயை வாங்கிக்கொண்டாள். ஆனால் அதை வாயருகே கொண்டுபோனபோதே அடுத்த கேள்வி வந்து நின்றது. அவளுடைய மனம் எப்போதும் அப்படித்தான்.

"பியூஸ நீங்கதான் எடுத்தீங்கன்னு அவருக்குத் தெரியுமா?"

"வேற யாரு எடுப்பா?"

"ஏன் எடுத்தீங்கன்னு தெரியுமா?"

டீ ஆற்றிக்கொண்டிருந்த கடைக்காரர்தான் திரும்பாமலே சொன்னார். "ஏன் எடுக்கணும்? வெஞ்சினத்துல எடுத்தான்னு நெனப்பாரு. ஒச்சப்பண்ணே கெட்டிக்காரரு. கட்டை இருந்த எடத்துல கம்பியச் சுத்தி விட்டுட்டுச் சோலியப் பாப்பாரு."

மாயாண்டியின் முகம் மாறியதைப் பவித்ரா பார்த்தாள். அவருக்கும் அது இப்போதுதான் உறைத்திருக்கிறது.

"அவருக்குப் போன் போடுங்கண்ணே."

"நம்பரு இல்ல தாயி. அழிச்சுட்டேன்."

அவள் சாலையைக் கடந்து ஓடினாள்.

கட்டுப்பாட்டு அறையில் ஆபரேட்டர் இனிகோ நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பேனலுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். ஓய்வுக்கு நெருங்கியவர். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சின்னச் சிலுவை. இளஞ்செழியன் ஒரு காதில் போனை வைத்துக்கொண்டே அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தார். பவித்ரா சொன்னதைக் கேட்டதும் போனைக் கீழே இறக்கினார்.

"பியூஸத்தான் புடுங்கியாச்சுங்கிறியே. அப்புறம் என்ன?"

"கம்பியச் சுத்தியிருந்தா சார்?"

"சுத்தியிருக்கார்னு தெரிஞ்சு சொல்றியா, சந்தேகமா சொல்றியா?"

"சந்தேகந்தான் சார்."

"அவர் கிணத்துக்குள்ள இருக்காரா?"

"அதுவும் தெரியல சார்."

இளஞ்செழியன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். அவரும் சரியாகத் தூங்கியிருக்கவில்லை என்று முகமே சொன்னது. "பவித்ரா, இங்க பாரு. நம்ம இஷ்டத்துக்குப் போடுற விஷயம் இல்ல இது. வெயில் ஏறுற வேகத்துக்கு, கரண்ட் இழுக்கிற லோடும் ஏறணும். ஒவ்வொரு லைனா ஏத்திக்கிட்டு வர்றாங்க. கீரனூர் போட்டாச்சு. தொப்பம்பட்டி இப்பப் போடப்போறாங்க. அடுத்தது நாம. மேல உக்காந்து பாத்துக்கிட்டு இருக்காங்க. சந்தேகம்னு சொல்லி நிறுத்தினா, மொதல் நாளே செங்களப்பட்டி சொதப்பிருச்சும்பாங்க."

"ஆமா சார்."

"நேத்து எல்லாருக்கும் சொல்லியாச்சுன்னு நீதான சொன்ன?"

"ஆமா சார்" என்றாள் மறுபடியும்.

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, நேரில போய்ப் பாரு. ஒன்பதுக்குள்ள இனிகோவுக்குப் போன் பண்ணு. பண்ணலேன்னா போட்டுருவோம்."

மாயாண்டி வண்டியை உறுமவிட்டபடி வாசல் கேட் அருகிலேயே காத்திருந்தார். பவித்ரா பின்னால் ஏறி உட்கார்ந்தாள். வண்டி தார் ரோட்டிலிருந்து வண்டிப்பாதைக்கு இறங்கியது. இரண்டு பக்கமும் கத்தரியும் செவ்வந்தியும் மாறி மாறி வந்தன. தூரத்தில் சிறுமலை வெயிலில் கரைந்து நீலமாகக் கிடந்தது. வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை. சூரிய மின்சாரத்துக்கு இதைவிட நல்ல காலை கிடைக்காது. பவித்ராவுக்கு அந்த வெளிச்சமே பயமாக இருந்தது.

தலைக்கு மேலே புது லைன் கூடவே வந்தது. இன்னும் தூசி கூடப் படியாத கம்பிகள்.

'வீணாகக் கூத்தடிக்கிறேனோ?' என்று நினைத்தாள். ஒச்சப்பன் இந்நேரம் பூ மார்க்கெட்டில் நின்றுகொண்டிருக்கலாம். வீட்டில் உட்கார்ந்து பழைய சோறு சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம். கிணற்றுக்குள் அவர் இறங்க இன்றைக்கு என்ன காரணம் இருக்கிறது?

"அண்ணே, மோட்டார்ல எதுவும் கோளாறு இருந்துச்சா?"

வண்டி ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்தது. "முந்தாநா அவன் முறையில தண்ணி கொறச்சலா வந்துச்சு போல. நேத்து எனக்கும் அப்படித்தேன். ஒட்டுல எங்கயோ தண்ணி எறங்குதுன்னு நெனைக்கிறேன். நாமளே ஏன் பாக்கணும், அவன் முறையில அவன் பாக்கட்டும்னு விட்டுட்டேன்."

பவித்ரா கண்ணை மூடிக்கொண்டாள்.

புளியமரத்துக்கு ஒரு வயல் தள்ளி, வரப்பு ஓரத்தில் மாயாண்டி வண்டியை நிறுத்தினார். "போ தாயி. ஓடு."

"நீங்க?"

"இன்னைக்கு அவன் முறை. அடுத்தவன் முறையில கெணத்துப் பக்கம் கால் வைக்கிறது கெடையாது. அவனும் வைக்க மாட்டான், நானும் வைக்க மாட்டேன்."

"அண்ணே, இப்பப் போய்..."

"நான் வந்தா அவன் மேல ஏறி வர மாட்டான். கீழயே இருந்துக்குவான். அவனப் பத்தி எனக்குத் தெரியும். நீ ஓடு!"

வரப்பு ஈரமாக வழுக்கியது. செருப்பைக் கழற்றிவிட்டு ஓடினாள். புளியமரத்தடியில் மோட்டார் ஷெட் தெரிந்தது. கதவு திறந்திருந்தது. ஆளைக் காணோம். கிணற்று மேட்டைச் சுற்றிலும் யாருமில்லை. கதவின் கொண்டியில் மட்டும் ஒரு சட்டை தொங்கியது. கோடு போட்ட நீலச் சட்டை.

நின்று போனை எடுத்தாள். ஒன்பதாகப் போகிறது. ஷெட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் போட்டுவிட்டால்?

"சொல்லும்மா" என்றார் இனிகோ.

"குடுக்காதீங்க சார்."

"ஆளப் பாத்தியா?"

"இல்ல. சட்டையப் பாத்தேன்."

"சட்டையா?"

"கழட்டி மாட்டியிருக்கு. கதவு தொறந்திருக்கு. கெணத்துக்குள்ளதான் இருக்கணும். இல்லாமலும் இருக்கலாம். ஆனா குடுக்காதீங்க."

மறுமுனையில் பதிவேட்டைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு இனிகோ நிதானமாகக் கேட்டார். "நிறுத்துனதுக்குக் காரணம் எழுதணும்மா. யார் சொன்னான்னும் எழுதணும். இளஞ்செழியன் சார் வெளிய நிக்கிறார். அவர் பேர எழுதவா, உன் பேர எழுதவா?"

பவித்ரா அந்தச் சட்டையைப் பார்த்தாள். காற்றில் கை மட்டும் ஆடியது. ஒரு சட்டையை நம்பி ஒரு லைனையே நிறுத்துகிறவளை உலகத்தில் யாராவது வேலையில் வைத்துக்கொள்வார்களா?

"என் பேர எழுதுங்க சார்."

"சரி" என்றார் இனிகோ. "போட மாட்டேன். போய்ப் பாரு."

ஷெட்டுக்குள் இருட்டாக இருந்தது. மெயினைக் கீழே இழுத்தாள். அதற்குப் பிறகுதான் பியூஸ் பெட்டியைப் பார்த்தாள். கட்டைகள் இருந்த மூன்று இடங்களிலும் தடித்த செம்புக் கம்பி முறுக்கி இறுக்கப்பட்டிருந்தது. கெட்டிக்காரத்தனமான வேலை. அது எதற்கும் உருகாது. ஆட்டோ பெட்டியின் குமிழ் 'ஆன்' பக்கம் இருந்தது.

கிணற்று விளிம்புக்குப் போய்க் குனிந்தாள். கீழே, தண்ணீருக்கு மேல் கடைசிப் படியில், இடுப்பில் துண்டோடு ஒருவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கயிற்றில் தொங்கியது மோட்டார். ஒயரின் ஒட்டைப் பிரித்து, மூன்று கம்பிகளையும் விரல்களுக்கிடையில் பிடித்துக்கொண்டிருந்தார். முறுக்குவதற்கு வாகாக ஒன்றின் முனையைப் பல்லில் கடித்திருந்தார்.

பவித்ரா விளிம்பைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். "அண்ணே! ஒயர விடுங்க! மேல வாங்க!"

அவர் நிமிர்ந்து பார்த்தார். கம்பியைப் பல்லிலிருந்து எடுத்தார். "யாருத்தா அது? ஆடு எதுவும் வயல்ல எறங்கிருச்சா?"

"கரண்ட் வரப்போகுதுண்ணே!"

"கரண்டு ரெண்டு மணிக்குத்தேன் ஆத்தா வரும். செத்த பொறு. டேப்பச் சுத்திட்டு வாரேன்."

"நேரத்த மாத்தியாச்சு! இன்னையில இருந்து காலையிலயே வருது! ஒன்பது மணிக்கு!"

ஒச்சப்பன் கையிலிருந்த கம்பிகளைப் பார்த்தார். பின்பு மிக மெதுவாக, தூங்குகிற குழந்தையைக் கீழே விடுவது போல, அவற்றைப் படியில் வைத்தார். எழுந்தார். ஒவ்வொரு படியாக ஏறி வந்தார். மேலே வந்ததும் பேசாமல் ஷெட்டுக்குள் போய், மெயின் கீழே இருப்பதைப் பார்த்தார். சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். பொத்தானைத் துளையில் நுழைக்க விரல்களுக்கு வெகுநேரம் பிடித்தது.

"இத ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"மாயாண்டி அண்ணன்கிட்டச் சொன்னேன்."

"அவன்கிட்டச் சொன்னா எனக்குச் சொன்ன மாதிரியா?" குரல் உயர்ந்தது. "பியூஸப் புடுங்கிட்டுப் போனவன், தாயி, அவன்! எம்பயிரு காயட்டும்னு!"

"உங்களுக்காகத்தான் புடுங்குனாரு. நீங்க கெணத்துக்குள்ள இருக்கிறப்பக் கரண்ட் வந்துடக் கூடாதுன்னு."

ஒச்சப்பன் பியூஸ் பெட்டியில் தான் முறுக்கிய கம்பியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வெளியே வந்து, கண்ணுக்கு மேல் கையை வைத்து, வரப்பு ஓரத்தில் நின்ற வண்டியைப் பார்த்தார். அங்கே மாயாண்டி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அவன்கிட்டச் சொல்லு" என்றார் பவித்ராவிடம். சொன்ன சத்தம் பக்கத்து வயலுக்கே கேட்கும். "பியூஸ் கட்டையக் கொண்டாந்து மாட்டச் சொல்லு."

"இன்னைக்கு அவன் முறைன்னு சொல்லு!" அங்கிருந்தே பதில் வந்தது. "என் கால் அங்க படாது!"

பவித்ராவின் போன் அடித்தது. இளஞ்செழியன்.

"ஆள் கெடச்சாரா?"

"உள்ளதான் சார் இருந்தாரு. ஒயரக் கையில வச்சிருந்தாரு."

பெருமூச்சு கேட்டது. "கடவுளே. சரி. நல்ல வேளை. மேல வந்துட்டார்ல? மெயின் ஆஃப்ல இருக்குல்ல? அப்பக் குடுத்துரலாமா? கொஞ்சம் லேட்டுன்னு சமாளிச்சுக்கலாம்."

சரி சார் என்று சொல்ல வாயெடுத்தாள். அவள் எல்லாவற்றுக்கும் அப்படித்தான் சொல்வாள். ஆனால் அவள் கண் அந்தக் கிணற்றின் மேல் இருந்தது. ஒரு கிணறு, ஒரு பெயர். இங்கே மட்டுமா அப்படிச் செய்தாள்? எல்லா இடத்திலும் அதே முறைதான். முதலில் தப்பாக ஒரு கோட்டைப் போட்டுவிட்டு, அதை அளந்து அளந்து கடைசிவரை இழுத்திருக்கிறாள்.

போனைப் பொத்திக்கொண்டு ஒச்சப்பனிடம் கேட்டாள். "அண்ணே, இந்த லைன்ல இன்னும் எந்தெந்தக் கெணறு பங்குக் கெணறு?"

"பங்கில்லாத கெணறு எதுன்னு கேளு. அது ஒண்ணோ ரெண்டோதேன் வரும்."

"சார்" என்றாள் போனில். "குடுக்காதீங்க."

"என்னது?"

"நான் ஒரு கெணத்துக்கு ஒருத்தர்கிட்டதான் சொல்லியிருக்கேன். எல்லாம் பங்குக் கெணறு. இன்னைக்கு யார் முறையோ அவங்களுக்குத் தெரியுமான்னு எனக்குத் தெரியாது. எல்லாருக்கும் சொல்லியாச்சுன்னு நேத்து நான் சொன்னது தப்பு சார்."

இளஞ்செழியன் குரலை உயர்த்தவே இல்லை. கத்தினால் கூடத் தேவலாம் போல இருந்தது. "இத நான் எழுதித்தான் ஆகணும், பவித்ரா. உன் கம்பெனிக்கும் போகும்."

"தெரியும் சார்."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"தெரியல சார்."

"மத்தியானத்துக்குள்ள முடி. அதுக்கு மேல வெயிலும் எறங்கிரும், என் கையிலயும் இருக்காது." போன் வைக்கப்பட்டது.

ஒச்சப்பன் அதற்குள் ஷெட்டைப் பூட்டி, மரத்தடியில் நின்ற தன் சைக்கிளை எடுத்திருந்தார். "யாருக்குச் சொல்லணும்? நான் பாதிப் பேத்துக்குச் சொல்லுவேன். மேலக் கெணத்துல செல்லையா வீட்டோட பேசுவேன், அவன் தம்பி வீட்டோட கெடையாது."

"தம்பி வீட்டோட யாரு பேசுவா?"

ஒச்சப்பன் வாயால் சொல்லவில்லை. வரப்புப் பக்கம் தாடையை மட்டும் அசைத்தார்.

அந்தக் காலையில் பவித்ரா ஒன்றைக் கற்றுக்கொண்டாள். மாயாண்டியோடு முறைத்துக்கொண்டவர்கள் ஒச்சப்பனோடு கூடிக்கொண்டிருந்தார்கள், ஒச்சப்பனுக்கு ஆகாதவர்கள் மாயாண்டிக்கு வேண்டியவர்கள். இரண்டு பேரையும் இரண்டு திசையில் அனுப்பினால் லைனில் ஒரு வீடு மிச்சமில்லை. ஒச்சப்பன் சைக்கிளில் கிழக்கே போனார். பவித்ரா மாயாண்டியின் வண்டியில் மேற்கே போனாள். போகிற இடமெல்லாம் ஒரே கேள்வியைத்தான் கேட்டாள்: இன்றைக்கு யார் முறை? ஒரு கிணற்றில் மூன்று பங்கு. இன்னொன்றில் அக்காள் தங்கைகள் நான்கு பேர், ஆளுக்கு ஒரு நாள். ஒரு ஷெட்டில் அவள் ஒட்டிய ஸ்டிக்கரைப் பாதி கிழித்து, மிச்சத்தின் மேல் யாரோ பூ எடையைக் கூட்டிப் பார்த்திருந்தார்கள்.

"நேரம் மாறிருச்சாம், தெரியுமாக்கா?" என்று மாயாண்டி ஒரு வீட்டு வாசலில் வண்டியை அணைக்காமலே கத்தினார்.

"எவன் சொன்னான்?"

"நான் சொல்றேன்!"

"நீ சொன்னா நம்ப மாட்டேன். அந்தப் புள்ளைய எறங்கி வந்து சொல்லச் சொல்லு."

பவித்ரா இறங்கிப் போய்ச் சொன்னாள். ஒவ்வொரு வீட்டிலும் இறங்கினாள். தொண்டை கட்டிவிட்டது. ஒச்சப்பன் அவ்வப்போது யாருடைய போனிலிருந்தாவது கூப்பிட்டு, "இந்தா, வடக்குக் கெணறு முடிஞ்சுச்சு" என்பார். அவளோடு மட்டும் பேசிவிட்டு வைத்துவிடுவார். வண்டி ஓட்டிக்கொண்டே மாயாண்டி கேட்பார், "என்னங்கிறான்?" அவள் சொல்வாள். அவர் "ம்" என்பார்.

உச்சி வெயிலில், லைன் முடிகிற கடைசிக் கம்பத்தடியில் வண்டி நின்றது. இனி போக இடமில்லை. பவித்ரா இனிகோவைக் கூப்பிட்டாள்.

"எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் சொல்லியாச்சு சார்."

"அப்படிச் சொன்னா எழுத முடியாதும்மா. குடுக்கவா, வேண்டாமா? ஒரு வார்த்த சொல்லு."

சுற்றிலும் பார்த்தாள். வயல்களில் வெயில் வெள்ளையாகக் கொதித்துக்கொண்டிருந்தது. எங்கும் ஆள் நடமாட்டம் இல்லை. எல்லோரும் நிழலில் இருக்கிறார்களா, கிணற்றுக்குள் இருக்கிறார்களா என்று இங்கிருந்து யாரால் சொல்ல முடியும்?

"குடுங்க" என்றாள்.

முதலில் ஒன்றுமே கேட்கவில்லை. பிறகு தலைக்கு மேலே கம்பி லேசாக முனகியது. வெகுதூரத்தில் ஒரு மோட்டார் ஓடத் தொடங்கியது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. மேற்கே ஒன்று. எல்லாம் ஒரேயடியாகக் கிளம்பவில்லை. ஆட்டோவை அணைத்துவைத்து, யாரோ ஒவ்வொருவராக வந்து கையால் போடுகிறார்கள். தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. மாயாண்டி காதைச் சாய்த்து, "அது செல்லையா தம்பி. இது அந்த நாலு அக்காமாரு" என்று சொல்லிக்கொண்டே வந்தார். பவித்ரா அந்தச் சத்தங்களைக் கேட்கவில்லை. அவற்றுக்கு இடையில் வேறு ஏதாவது சத்தம் எழுகிறதா என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தாள். ஓர் அலறல், யாரையாவது கூப்பிடுகிற குரல், யாராவது ஓடுகிற ஓசை.

போன் அடித்தது. தெரியாத எண். எடுக்கக் கை வரவில்லை. அது நின்று, மறுபடி அடித்தது.

"ஹலோ" என்றாள்.

"ஏம்மா, கரண்டுக்காரப் புள்ளையா? ஒச்சப்பண்ணே நம்பர் குடுத்தாரு. கரண்டு வந்துருச்சு, தண்ணி பாயுது. நாளைக்கும் இப்படித்தேன் மத்தியானமா, இல்ல காலையிலயா?"

பவித்ரா கம்பத்தில் சாய்ந்துகொண்டாள். பிறகு அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள். "காலையில ஒன்பது மணிக்குண்ணே. எதுக்கும் இன்னைக்குச் சாயங்காலம் கேட்டு உறுதியாச் சொல்றேன். உங்க கெணத்துல எத்தன பங்கு?"

"மூணு."

"மூணு பேரு பேரையும் நம்பரையும் சொல்லுங்க. எல்லாருக்கும் நானே சொல்லிடுறேன்."

"எம்பேரு உடையப்பன். ரெண்டாவது ஆளு திருப்பூருல இருக்கான், பொங்கலுக்குத்தேன் வருவான். மூணாவது ஆளு..." மறுமுனையில் உடையப்பன் தொண்டையைச் செருமினார். "அவன் பேர நான் சொல்ல மாட்டேன்மா. இந்தா பக்கத்துலதேன் நிக்கிறான், மோட்டரப் போட்டதே அவன்தேன். போன அவன்கிட்டக் குடுக்கிறேன், நீயே கேட்டுக்க."